புகையிலை பைப்பைச் சுத்தம் செய்வதும் பராமரிப்பதும்: முழுமையான வழிகாட்டி

பைப் கசக்கிறது, புளித்த வாடை வருகிறது என்றதும் பெரும்பாலானவர்கள் கை வைப்பது புகையிலை எரியும் கிண்ணத்தில்தான். கத்தியை எடுத்து உள்ளே இருக்கும் கரியைச் சுரண்டித் தள்ளுகிறார்கள். அடுத்த முறை புகைத்தால் அதே கசப்பு. கெட்ட வாடை குடியிருப்பது கிண்ணத்தில் இல்லை, கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே ஓடும் குறுகலான வழியில். சூடாகக் கிளம்பும் புகை அந்த வழியில்தான் குளிர்கிறது. குளிரும்போது தன்னிடம் உள்ள நீராவியையும் தாரையும் சுவரில் விட்டுவிட்டுப் போகிறது. கிண்ணத்தில் தினமும் தீ எரிவதால் அங்கே ஈரம் தங்காது. தண்டில் அந்த வசதி இல்லை. ஆகவே புகைவழியை உலர்வாக வைத்திருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கிண்ணத்தை முடிந்தவரை சும்மா விடுவதே நல்லது.

கீழே சொல்பவை பெரும்பாலும் பிரையர் (ஒரு புதர்ச்செடியின் கடினமான வேர்க்கட்டை) மரப் பைப்புக்கு. மீர்ஷாம் (ஒரு மென்மையான கனிமம்), மக்காச்சோளக் கட்டை, களிமண் ஆகியவற்றுக்கான விதிகள் வேறு. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

எந்தப் பாகம் எங்கே

கிண்ணத்தில் புகையிலை நிரப்பும் குழியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும்; அதுதான் புகைத்துளை. பொதுவாக 3.5 முதல் 4 மி.மீ. அகலம். அது கிண்ணத்திலிருந்து நீளும் தண்டுக்குள் ஓடி, தண்டின் முனையில் அகலமான ஒரு பொந்தாக விரிகிறது. வாயில் வைக்கும் குழலான ஸ்டெமின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு அந்தப் பொந்தில் செருகிக்கொள்ளும். ஸ்டெமின் மறுமுனையில் பல்லுக்குப் பிடிமானமாக ஒரு தடித்த விளிம்பும், அதன் நடுவே தட்டையான பிளவும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. மூக்கின் நுனி பொந்தின் அடியை எப்போதும் தொடுவதில்லை. பல பைப்களில் ஒன்றிரண்டு மி.மீ. இடைவெளி விட்டே நிற்கும். புகை அங்கே திடீரென அகலமான இடத்துக்கு வந்து சுழல்வதால் ஈரம் முழுக்க அந்த வளையத்தில் சேர்கிறது. ஸ்டெமைக் கழற்றாமல் பைப் கிளீனரை (நூல் சுற்றிய வளையும் கம்பி) எத்தனை முறை விட்டு இழுத்தாலும் அது நடுத்துளை வழியே நேராகப் போய்விடும். பொந்தின் மூலையைத் தொடவே தொடாது. காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை ஸ்பிரிட்டில் (அதாவது ஆல்கஹாலில்) நனைத்துப் பொந்துக்குள் விட்டு ஒரு சுற்று சுற்றி எடுத்துப் பாருங்கள். பஞ்சின் தோள்பட்டையில் கறுப்பு வளையம் ஒன்று ஒட்டியிருக்கும். புளித்த வாடையின் ஊற்றுக்கண் அதுதான்.

வேண்டிய சாமான்கள்

பைப் கிளீனர் இரண்டு வகை வேண்டும்: மென்மையான பஞ்சு நூல் சுற்றியது ஒன்று, இடையிடையே முரட்டு நார் உள்ளது ஒன்று. முரட்டு வகை தாரைச் சுரண்டும், மென்மையான வகை ஈரத்தை உறிஞ்சும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. ஒரு முனை பருத்தும் மறுமுனை மெலிந்தும் இருக்கும் கிளீனர் கிடைத்தால் இன்னும் நல்லது; பருத்த முனை தண்டுக்கு, மெலிந்த முனை ஸ்டெமுக்கு.

ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். 70 சதவீத வகையில் மீதி 30 தண்ணீர். அந்தத் தண்ணீர் மரத்தில் இறங்கினால் தண்டு உப்பும், காய நாள் பிடிக்கும். உணவுத்தரமான 95 சதவீத எத்தனால் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பயன்படும்; ஆனால் அது குடிக்கத் தகாத நஞ்சு, ஆகவே முழுக்க ஆவியாகும்வரை பைப்பைத் தொடக்கூடாது. மெத்தனால் கலந்த தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

இவை தவிர பஞ்சு, பஞ்சுக்குச்சி, சொட்டுக்குழாய், ரீமர் (குழியின் கரியைச் சுரண்டும் கருவி), 400 முதல் 2000 வரை எண்ணுள்ள வாட்டர் பேப்பர், பென்சில், பழைய பருத்தித் துணி, மெழுகு. கையுறையும் எடுத்து வையுங்கள். பைப்பிலிருந்து வரும் கறுப்புக் குழம்பில் நிகோட்டின் உண்டு, அது தோல் வழியாகவும் உடலில் ஏறும். அழுக்குப் பஞ்சையும் கிளீனரையும் குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாதபடி கட்டி எறியுங்கள். பைப் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் புகையின் தீங்கு அதனால் குறைவதில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் ருசிக்கும் பைப்பின் ஆயுளுக்கும்தான்.

ஒவ்வொரு முறை புகைத்த பின்னும்

1. பைப் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே, ஸ்டெமைக் கழற்றாமல், மென்மையான கிளீனர் ஒன்றைப் பல் பிளவு வழியாக உள்ளே விட்டுப் புகைத்துளை வரை தள்ளுங்கள். குழியின் அடியில் அதன் நுனி எட்டிப் பார்க்க வேண்டும். சூட்டில் தார் இளகியிருக்கும், உடனே ஒட்டிக்கொண்டு வரும். ஆறிய பிறகு அதே தார் கெட்டியாகிவிடும்.

2. சாம்பலைக் கொட்டுங்கள். மேசை விளிம்பிலோ செருப்பின் அடியிலோ கிண்ணத்தைத் தட்டாதீர்கள். தண்டு கிண்ணத்தோடு சேரும் இடத்தில் விரிசல் விழுவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால்தான். புகையிலையை அமுக்கும் கருவியான டேம்பரின் கரண்டி முனையால் அடியில் ஒட்டியிருக்கும் பாதி எரிந்த ஈரப் புகையிலையைக் கிளறி எடுங்கள். அதை உள்ளே விட்டால் இரவெல்லாம் மரத்துக்கு ஈரம் ஊட்டிக்கொண்டிருக்கும்.

3. மெல்லிய தாள் கைக்குட்டையைத் திரியாக முறுக்கிக் குழிக்குள் விட்டு ஒரு சுற்று துடையுங்கள்.

4. புதிய கிளீனர் ஒன்றைப் புகைவழியில் விட்டு, கிண்ணம் கீழே, ஸ்டெம் மேலே இருக்கும்படி தாங்கியில் வையுங்கள். சில மணி நேரம் கழித்து கிளீனரை உருவிவிடுங்கள். நாள்கணக்கில் உள்ளேயே விட்டால் உறிஞ்சிய ஈரத்தையே திரும்பக் கொடுக்கும்.

5. முற்றிலும் ஆறிய பிறகு, அதாவது குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, ஸ்டெமைக் கழற்றிப் பொந்தைப் பஞ்சுக்குச்சியால் உலர்த்துங்கள். இது ஒவ்வொரு முறையும் வேண்டாம். நாலைந்து முறைக்கு ஒருமுறை போதும்.

சூடாக இருக்கும்போது ஸ்டெமை ஏன் கழற்றக்கூடாது? ஈரமும் சூடும் பட்ட மரம் மூக்கைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். அப்போது திருகினால் மூக்கு ஒடியும், இல்லையென்றால் தண்டு பிளக்கும். இரண்டும் நடக்காவிட்டாலும் பொந்து கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து ஸ்டெம் தளர்ந்துவிடும். கழற்றும்போதும் மாட்டும்போதும் தண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் திருகியபடி செய்யுங்கள். கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு திருகினால் நெம்புகோல் போல மொத்த விசையும் தண்டின் கழுத்தில் விழும். தண்டில் உலோக வளையமும் கூம்பு வடிவ மூக்கும் உள்ள ஆர்மி மவுண்ட் வகைக்கு மட்டும் விதிவிலக்கு. அவை சூட்டிலும் கழற்றும்படியே செய்யப்பட்டவை.

பிறகு ஓய்வு. ஒருமுறை புகைத்த பைப்புக்குக் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு நாள் கொடுங்கள். தினமும் புகைப்பவருக்கு ஒரே பைப் போதாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மரத்துக்குள் இறங்கிய ஈரத்தை எந்தக் கிளீனராலும் எடுக்க முடியாது. காற்றும் நேரமும்தான் எடுக்கும்.

ஸ்பிரிட் சுத்தம்

பத்துப் பதினைந்து முறை புகைத்த பிறகு, அல்லது ருசி மங்குவது தெரிந்த உடனே, இதைச் செய்யலாம்.

ஆறிய பைப்பில் ஸ்டெமைக் கழற்றி வையுங்கள். முரட்டுக் கிளீனரின் நுனியை ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாதபடி பிழிந்து, தண்டின் வழியே முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஓட்டுங்கள். கறுப்பு வரும். கிளீனரைத் திருப்பி மறுமுனையாலும் செய்து, அடுத்ததை எடுங்கள். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு வெளிர் மஞ்சளாகும்வரை தொடருங்கள். நாள்பட்ட பைப்புக்குப் பத்துக்கு மேல் கிளீனர் செலவானாலும் ஆச்சரியமில்லை. பொந்துக்குப் பஞ்சுக்குச்சி. கடைசியில் உலர்ந்த கிளீனர் ஒன்று.

இங்கே அவசரம் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு: ஆல்கஹால் சொட்டு பைப்பின் வெளிப்புறத்தில் வழிந்தால் அங்கே பூசிய ஷெல்லாக்கும் சாயமும் கரைந்து வெளிறிய தடம் விழும். தண்டின் முனையைச் சற்றே தாழ்த்திப் பிடித்து, கீழே துணி வைத்துக்கொண்டு செய்தால் இந்தத் தொல்லை வராது.

ஸ்டெம் எந்தப் பொருள் என்று தெரிந்துகொண்ட பிறகே அதைத் தொடுங்கள். வல்கனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) என்றால் நனைத்த கிளீனரை உள்ளே ஓட்டலாம். அக்ரிலிக் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) என்றால் ஆல்கஹால் வேண்டாம். உள்ளே மயிரிழை விரிசல்கள் வலைபோலப் படரும், பிறகு சரிசெய்ய முடியாது. அதற்குச் சோப்பு ஒரு துளி கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் கிளீனரும் போதும். அடையாளம் காண்பது எளிது: உள்ளங்கையில் வேகமாகத் தேய்த்து முகர்ந்தால் வல்கனைட்டில் லேசான கந்தக வாடை வரும், அக்ரிலிக்கில் வராது. பல் பட்டால் வல்கனைட் மெத்தென்று இருக்கும், அக்ரிலிக் கண்ணாடி போலக் கடினம்.

முடித்த பிறகு பைப்பை ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். ஆல்கஹால் வாடை அடியோடு போகும்வரை பற்றவைக்கக் கூடாது. ஆவி எரியும் என்பதால், வேலை நடக்கும் இடத்தில் தீக்குச்சியோ அடுப்போ இருக்கவே கூடாது.

கரிப்படலம்: எவ்வளவு வேண்டும், எப்போது சுரண்ட வேண்டும்

குழியின் சுவரில் படியும் கரி அழுக்கல்ல. மரத்துக்கும் தணலுக்கும் நடுவே நிற்கும் கவசம் அது. கொஞ்சம் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 1 முதல் 1.5 மி.மீ. தடிமனில் மேலிருந்து கீழ்வரை சமமாக இருந்தால் அதுவே சரியான நிலை. அதற்கு மேல் வளரவிட்டால் சூட்டில் கரி விரியும் அளவும் மரம் விரியும் அளவும் ஒத்துப்போகாமல், கரி உள்ளிருந்து சுவரை நெட்டித் தள்ளி, ஒருநாள் கிண்ணம் வெடிக்கும். குழியின் கொள்ளளவும் குறைந்துபோகும்.

புதிய பைப்பில் கரி மேலே மட்டும் படிந்து அடியில் வெறும் மரமாக நிற்பது வழக்கம், ஏனென்றால் அடிவரை யாரும் புகைப்பதில்லை. முதல் பத்து முறை பாதிக் குழி மட்டும் நிரப்பி, நிதானமாக அடிவரை புகைத்தால் கரி கீழிருந்து கட்டும்.

தடித்துவிட்டதா? செய்முறை இது. புகைத்த உடனே கரி ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும், ரீமர் பட்டால் துண்டு துண்டாகப் பெயரும். ஆகவே பைப்பை நாலு நாள் சும்மா வையுங்கள். புகைவழியில் ஒரு கிளீனரைச் செருகிவிடுங்கள், தூள் உள்ளே போகாது. கிண்ணத்தை உள்ளங்கையில் முழுவதும் பொத்திப் பிடியுங்கள். ரீமரின் மிகச் சிறிய அளவில் தொடங்கி, விசை கொடுக்காமல், கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் திருப்புங்கள். தூளைக் கொட்டி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி. அடுத்த பெரிய அளவுக்குத் தாவும் அவசரம்தான் கிண்ணங்களைப் பிளக்கிறது. கடைசிக் கால் மி.மீ.யை ரீமரால் எடுக்காமல், 150 எண் உப்புத்தாளைப் பென்சிலில் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்துங்கள். மரம் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

கத்தி ஏன் கூடாது? அதன் நுனி அடியில் குழி தோண்டும், விளிம்பு வாயில் வட்டத்தை நீள்வட்டமாக்கும். அடியைத் தோண்டிவிட்டால் புகைத்துளை தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். அதற்குக் கீழே எப்போதும் ஈரப் புகையிலை தேங்கி, எரியாமல் கிடக்கும். இப்படி ஆகிவிட்ட பைப்பை மீட்க ஒரு பழைய வழி இருக்கிறது. சுருட்டுச் சாம்பலைச் சில சொட்டுத் தண்ணீரில் களிம்பாகக் குழைத்து, துளைக்குள் கிளீனர் செருகி, அடியில் துளையின் மட்டம்வரை அப்பி, ஓரிரு நாள் காயவிடுங்கள். கல்போல இறுகும்.

புளித்த பைப்பை மீட்பது

ஸ்பிரிட் சுத்தத்துக்கும் அடங்காத வாடை, அல்லது முன்பு புகைத்த லட்டாக்கியா (புகையூட்டிப் பதப்படுத்திய புகையிலை), வாசனைப் புகையிலை போன்றவற்றின் பிடிவாதமான ருசி இருந்தால், மரத்துக்குள் ஊறியதை வெளியே இழுக்க வேண்டும். கல்லுப்பும் ஆல்கஹாலும் பயன்படுத்துவது பிரபலமான முறை. நாங்கள் உப்புக்குப் பதிலாகப் பஞ்சையே பரிந்துரைக்கிறோம். கறையை இழுப்பது ஆவியாகும் ஆல்கஹால்தான். உப்பு வெறும் உறிஞ்சுபொருள். அந்த வேலையைப் பஞ்சும் அதே அளவு செய்யும். உப்பு பொந்துக்குள் சிக்கினால் பிறகு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் கரிப்படலத்தை மெல்லிய அளவுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஆல்கஹால் மரத்தை எட்டாது. பஞ்சை நீளத் திரியாக முறுக்கி, தண்டின் பொந்திலிருந்து புகைத்துளைவரை கம்பியால் தள்ளிச் செருகுங்கள். வெளியே ஒரு வால் தொங்கட்டும். குழியைப் பஞ்சால் தளர்வாக நிரப்புங்கள், வாய்க்குக் கால் அங்குலம் கீழே நிறுத்துங்கள். கிண்ணத்தை ஒரு முட்டைப் பெட்டியில் தண்டு சற்று மேல்நோக்கும்படி நிமிர்த்தி வைத்து, சொட்டுக்குழாயால் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பஞ்சின் மேற்பரப்பு ஈரமாகத் தெரிந்தால் போதும். விளிம்பைத் தாண்டக் கூடாது. கால் மணி நேரத்தில் கொஞ்சம் உள்ளே இறங்கும், அப்போது இன்னும் சில சொட்டு.

12 முதல் 24 மணி நேரம் விடுங்கள். பஞ்சு தேநீர் நிறத்துக்கோ அதற்கும் கறுப்பாகவோ மாறியிருக்கும். எடுத்தெறிந்து, புகைவழியைக் கிளீனரால் துடைத்து, மூன்று நாளாவது காயவையுங்கள். வாடை மீதமிருந்தால் இன்னொரு முறை. மூன்றாவது தடவைக்கும் போகவில்லையென்றால் மரத்தை மேலும் வதைக்காமல், அந்தப் பைப்பை அதே வகைப் புகையிலைக்கென்றே ஒதுக்கிவிடுவதுதான் விவேகம்.

ஆல்கஹாலைக் கொதிக்கவைத்து ஆவியைப் பைப்புக்குள் செலுத்தும் ரிட்டார்ட் முறையும் உண்டு. பலன் உண்மையானது. ஆனால் சுடரும் எரியும் ஆவியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேலை அது. வீட்டு மேசையில் செய்ய நாங்கள் சொல்லமாட்டோம்.

ஸ்டெம் பச்சை பாய்ந்தால்

வல்கனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் காற்றும் பட்டால் அந்தக் கந்தகம் மேற்பரப்பில் வினைபுரிந்து, கறுப்பு ஸ்டெம் பழுப்புப் பச்சையாகும். நாக்கில் பட்டால் கசக்கும். வெந்நீரில் கழுவினால் இது ஒரே நாளில் வரும். தடுக்க வழி: ஒவ்வொரு முறையும் எச்சிலைத் துடைத்து, மினரல் எண்ணெய் ஒரு துளி தடவி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

வந்துவிட்டால் எடுக்கும் முறை: துணி வெளுக்கும் ஆக்ஸிஜன் வகைத் தூள் ஒரு மேசைக்கரண்டியை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஸ்டெமை ஓர் இரவு ஊறவையுங்கள். எடுத்தபோது முன்னைவிட மோசமாக, மங்கிய பழுப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், ஆக்சிஜனேற்றப் படலம் மேலே இளகி வந்திருக்கிறது என்று அர்த்தம். குளோரின் ப்ளீச் மட்டும் வேண்டாம், அது மேற்பரப்பில் நுண்குழிகள் உண்டாக்கும்.

அடுத்து வாட்டர் பேப்பர். 400, 600, 1000, 1500, 2000 என்ற வரிசையில், தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் மறைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியும். 400-இன் கீறல் முழுக்கப் போகாமல் 600-க்குத் தாவினால், கடைசியில் பளபளப்புக்கு நடுவே அது பல்லிளிக்கும், மறுபடி முதலிலிருந்துதான்.

தண்டோடு சேரும் விளிம்பில் கவனம் வேண்டும். ஸ்டெமைத் தனியே கையில் வைத்துத் தேய்த்தால் அந்தக் கூரான விளிம்பு மழுங்கி, மாட்டும்போது சுற்றிலும் ஒரு பள்ளம் தெரியும். பழைய பிளாஸ்டிக் மூடியிலிருந்து மெல்லிய வளையம் வெட்டி மூக்கில் மாட்டி, ஸ்டெமைத் தண்டில் செருகி, அந்த வளையம்வரை தேய்த்தால் விளிம்பும் பிழைக்கும், மரமும் கீறாது. முத்திரை பொறித்த இடத்தை 1000-க்குக் கீழே உள்ள தாளால் தொடாதீர்கள்.

பல் பதிந்த பள்ளங்களுக்கு: வல்கனைட் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கும் பொருள். லைட்டர் சுடரை ஓர் அங்குலத் தூரத்தில் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினால் பள்ளம் தானே எழும்பும்; ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகும். எழாத ஆழமான பள்ளத்தைக் கறுப்பு சூப்பர் குளூவால் மெல்லிய அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கும் முழுக்கக் காய்ந்த பிறகு அரம் போட்டுச் சமப்படுத்துங்கள். அக்ரிலிக்குக்குச் சூடு காட்டும் வித்தை பலிக்காது.

மூக்கு இறுகினால், தளர்ந்தால்

இறுகினால் மென்மையான பென்சிலை மூக்கின் மேல் தடவுங்கள், கிராஃபைட் வழுக்கவைக்கும். எண்ணெய் வேண்டாம், மரம் குடித்துவிடும். கழற்றவே முடியாமல் சிக்கியிருந்தால் பைப்பை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மூக்கு மரத்தைவிட அதிகமாகச் சுருங்கும், பிறகு மெதுவாகத் திருகினால் விடும்.

தளர்ந்திருந்தால் அவசரப்படாதீர்கள். வறண்ட காலத்தில் தளர்ந்தது ஈரக்காற்றில் தானே இறுகும். அப்படியும் சரியாகாவிட்டால் மூக்கில் தேன்மெழுகு மெல்லியதாகப் பூசலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால், வல்கனைட் மூக்கைச் சுடருக்கு மேல் சில நொடி உருட்டி இளக்கி, அதன் துளையைவிட இம்மி பெரிய டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியைச் செருகி, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். மூக்கு தலைமயிர் அளவு விரியும், அது போதும்.

விளிம்பும் வெளிப்புறமும்

கிண்ணத்தின் வாயில் படியும் தாரை எச்சில் தொட்ட பருத்தித் துணியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், பொறுமைதான் வேண்டும். பிளேடு வைத்தால் சாயத்தோடு வரும். கறுப்பு துடைத்தும் போகாமல் மரமே கருகியிருந்தால், அது தீக்குச்சியை விளிம்பில் பிடித்ததன் விளைவு. சுடரை நடுவில் பிடித்து உள்ளே இழுப்பதுதான் பரிகாரம்.

பளபளப்புக்குக் கர்னோபா மெழுகு சிறந்தது. ஆனால் அது 82 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். கையால் தேய்த்தால் ஏறாது, சுழலும் பஃப் சக்கரத்தின் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) உராய்வுச் சூடு வேண்டும். சக்கரம் இல்லையென்றால் தேன்மெழுகு கலந்த பசை மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள். குழிக்குள் எந்த மெழுகும் போகக் கூடாது.

தொல்லைகளும் காரணங்களும்

புகைக்கும்போது உள்ளே களகளவென்று சத்தம் கேட்டால் பொந்தின் இடைவெளியில் தண்ணீர் தேங்கிவிட்டது. நடுவிலேயே ஒரு கிளீனரை விட்டு எடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் புகையிலை ஈரமாக இருக்கிறது, அல்லது வேகமாக இழுக்கிறீர்கள். நிரப்பும் முன் புகையிலையை விரலால் நசுக்கினால் பந்தாக ஒட்டாமல் பிரிய வேண்டும்.

இழுப்பது கடினமாகிவிட்டால் வெறும் பைப்பை இழுத்துப் பாருங்கள். காலியாகவும் கடினம் என்றால் புகைத்துளையில் தார் குறுகியிருக்கிறது. நேர்த்தண்டுப் பைப்பில், துளையின் அளவுக்கே உரிய டிரில் பிட்டை விரலால் மட்டும் சுழற்றிச் சுரண்டலாம். மின்சார டிரில் மரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வளைந்த பைப்பில் இது முடியாது, ஆல்கஹாலும் கிளீனரும்தான்.

கிண்ணத்தின் வெளிப்புறத்தில் ஓரிடம் மட்டும் தொடமுடியாதபடி சுட்டு, அங்கே நிறமும் கறுத்தால் மரம் உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஆறியதும் அந்த இடத்தைச் சுரண்டி, கருகிய மென்மையான பகுதி கொஞ்சமாக இருந்தால் சாம்பல் களிம்பால் அடைத்து, மெதுவாகப் புகைத்து மேலே கரி கட்டவிடுங்கள். சுவர் ஊடுருவித் துளை தெரிந்தால் அந்தப் பைப்பின் காலம் முடிந்தது.

9 மி.மீ. ஃபில்டர் போடும் பைப்பில் ஃபில்டர் இல்லாமல் புகைத்தால் அந்த அகலமான அறை முழுக்க ஈரம் சேரும். ஃபில்டரின் இடத்தை அடைக்கும் அடாப்டர் போடுங்கள். பயன்படுத்திய ஈர ஃபில்டரை உள்ளே விட்டுவைப்பதும் அதே கெடுதல்தான்.

மற்ற வகைப் பைப்கள்

பிறர் பயன்படுத்திய பழைய பைப் கைக்கு வந்தால் வரிசை முக்கியம்: முதலில் உலர்வாகக் கரியைச் சுரண்டுவது, பிறகு புகைவழிக்கு ஸ்பிரிட், பிறகு பஞ்சு முறை, அதன் பிறகே ஸ்டெம், கடைசியில் மெழுகு. மாற்றிச் செய்தால் கரித்தூள் கழுவிய வழியில் போய் ஒட்டும்.

பீட்டர்சன் நிறுவனத்தின் ‘சிஸ்டம்’ பைப்பின் தண்டுக்குள் ஈரம் சேர்வதற்கென்றே ஒரு கிணறு உண்டு. 1890-இல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பு அது. வழக்கமான கிளீனர் அந்தக் கிணற்றைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஸ்டெமை எடுத்து, மடித்த கிளீனராலோ முறுக்கிய தாளாலோ கிணற்றை வற்றவைக்க வேண்டும்.

மீர்ஷாம் என்பது செபியோலைட் என்ற மென்மையான கனிமம். துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதி இதற்குப் பெயர்போனது. இதற்குக் கரிக்கவசம் தேவையே இல்லை, கட்டவும் விடக் கூடாது; ஒவ்வொரு முறையும் குழியைத் தாளால் துடைத்துவிடுங்கள். ஈரம் பட்டால் கல்லே இளகும் என்பதால் ஊறவைப்பது, ரீமர் போடுவது இரண்டுமே ஆகாது. சூடாக இருக்கும்போது கிண்ணத்தைத் தொட்டால் மேலே பூசிய தேன்மெழுகில் விரல்தடம் பதியும். ஸ்டெமை இணைக்கும் நைலான் துண்டு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், திருகும்போது மிகையாக இறுக்காதீர்கள்.

மக்காச்சோளக் கட்டைப் பைப்பை ஆல்கஹாலில் ஊறவைக்காதீர்கள், கட்டையும் ஒட்டும் பசையும் விட்டுப்போகும். குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தண்டின் நுனி முதல் சில முறைகளில் கருகும்; அது இயல்பு. அடியைச் சுரண்டாமல் கரி கட்டவிடுங்கள், இல்லையென்றால் அடி ஓட்டையாகும்.

களிமண் பைப்புக்குப் பழங்காலத்து வழியே போதும்: ஸ்டெமோ பூச்சோ இல்லாத சுட்ட களிமண் என்றால் தணலில் போட்டுத் தாரை எரித்துவிடலாம், வெள்ளையாகத் திரும்பும். சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக இறக்குங்கள். ஈரம் இருக்கும்போது தணலில் வைத்தால் வெடிக்கும், ஆகவே முந்தின நாளே உலர்த்திவிடுங்கள்.